நுனிக்காலிலேயே நடக்கும் மகன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். பையனுக்கு 2 வயது 4 மாதம். நடக்கத் தொடங்கினதிலிருந்தே நுனிக்கால்தான். செருப்பு போட்டால் பரவாயில்லை, வெறுங்காலில் குதிகால் தரையில் படுவதே அபூர்வம்.

இது மட்டும் என்றால் விட்டிருப்பேன். 2, 3 வயது வரை பல பிள்ளைகள் இப்படி நடந்து தானாகவே சரியாகிவிடுவார்கள் என்று டாக்டரும் சொன்னார். பாதத்தை மேலே மடக்கிப் பார்த்தார், குதிகால் தசைநார் இறுகவில்லை.

என்னை உறுத்துவது வேறு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் திரும்புகிறான். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் கவர் பிரிக்கிற சத்தத்துக்கு ஓடி வந்துவிடுவான்! பொம்மைக் காரை ஓட்டமாட்டான். கவிழ்த்துப் போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சக்கரம் சுற்றுவதையே பார்ப்பான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, என் கையை இழுத்துப்போய் அதன்மேல் வைக்கிறான்.

எம்-சாட் (சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுப் பார்க்கும் கேள்வித்தாள்) 20 கேள்விகளுக்கும் பதில் எழுதினோம். மேல் மதிப்பீடு தேவை என்று வந்தது. அதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது, தெரியும். தூக்கம்தான் வரவில்லை. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார்.

மதிப்பீட்டுக்கு இன்னும் 2 மாதம் இருக்கிறது. அதுவரை ஸ்பீச் தெரபி தொடங்கலாமா? காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுவது நல்லதா? நுனிக்கால் நடைக்கு பிசியோதெரபி பார்த்தவர்கள், எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது? அவன் விளையாடுவதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், டாக்டர்கள் பார்ப்பார்களா?

"ஒன்றும் இருக்காது" என்ற ஆறுதலும், மருந்து விற்பவர்களின் இன்பாக்ஸும் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.