குடியை நிறுத்தியதும் கொட்டித் தீர்த்த கனவுகள்: உங்களுக்கு எப்படி?

நான் குடியை நிறுத்தி இன்றோடு 74 நாள். பெருமை பேச வரவில்லை. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கத்தான் வந்தேன். கனவு.

ஆறு வருடம் தினமும் குடித்துவிட்டுத்தான் படுத்தேன். அந்த ஆறு வருடத்தில் கனவு கண்டதாக நினைவே இல்லை. ‘படுத்தால் கட்டைதான்’ என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வரும். அதை வயதின் தலையில் போட்டுவிட்டுப் புரண்டு படுப்பேன்.

நிறுத்திய முதல் வாரம் மருத்துவமனையில் போனது. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சட்டென்று நிறுத்திப் பார்க்காதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர்களுக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த ஓரிரு நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, நடுக்கமும் காய்ச்சலும் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.)

ஒன்பதாம் நாள் இரவு ஆரம்பித்தது. எப்போதோ இறந்துபோன அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருக்கிறார். ஊசி தோலில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பக்கத்தில் போனால், ‘வெளிச்சத்த மறைக்காம நில்லு’ என்கிறார். அவ்வளவுதான் கனவு. ஆனால் விழித்த பிறகும் வெகுநேரம் அவர் கீழே இருக்கிறார் என்றே மனம் நம்பிக்கொண்டிருந்தது. மறுநாள் இரவு நான்கு கனவு. அதற்கடுத்த நாள் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பதினைந்தாம் நாள் வந்ததுதான் மோசம். கனவில் குடிக்கிறேன். தம்ளரின் சில்லிப்பு விரலில் தெரிகிறது. ஒரே மடக்கு. உடனே வயிற்றைப் பிசைகிறது: ‘போச்சு, எல்லாம் போச்சு.’ விழித்ததும் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். அதோடு விட்டேனா, மனைவியை எழுப்பி, “ராத்திரி நான் வெளியே போனேனா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் விளக்கைப் போட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எங்கே தூங்குவது?

ஆலோசகரிடம் சொன்னபோது அவர் அசரவேயில்லை. குடியை விட்டவர்களில் பெரும்பாலானோர் இந்தக் ‘குடிக்கனவு’ கதையோடு வருவார்களாம். அவர் விளக்கியது இது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ரெம் கட்டத்தில்தான் கதை கதையான கனவுகள் அதிகம் வரும். மது அந்தக் கட்டத்தை முன்னிரவில் அமுக்கிவிடுகிறது. பின்னிரவில் போதை இறங்கியதும் தூக்கம் துண்டு துண்டாகிறது. என் மூன்று மணிப் படபடப்பு வயதால் வந்ததில்லை. வருடக்கணக்கில் இப்படி அமுக்கிவிட்டு ஒருநாள் கையை எடுத்தால், வட்டியும் முதலுமாகத் திரும்பி வருமாம்.

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எத்தனை நாள் ஓடியது?

* * *

நடந்திருக்கிறது. எனக்கு மது இல்லை, கஞ்சா. நிறுத்தி நான்கு மாதம். முதல் வாரம் தூக்கமே இல்லை, இரண்டாம் வாரத்திலிருந்து திரைப்படம். ஒன்றரை மாதத்தில் அடங்கிவிட்டது. கஞ்சாவை நிறுத்தும்போது வரும் தொல்லைகளில் கெட்ட கனவையும் மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூலிலேயே 2013 பதிப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே உங்களுக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்த வட்டி, முதல் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு வருடக் கனவுகள் எங்கேயோ மூட்டை கட்டி வைத்திருந்து இப்போது அவிழ்வதில்லை. சேர்வது கனவு கிடையாது, அந்தக் கட்டத்துக்கான பசி. வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆய்வாளர் 1960இல் வெளியிட்ட சோதனையைப் படித்துப் பாருங்கள். தூங்குகிறவர்களின் விழி அசையத் தொடங்கும்போதெல்லாம் எழுப்பிவிட்டார். நாளாக ஆக, ஒரே இரவில் மேலும் மேலும் அதிகமுறை எழுப்ப வேண்டியிருந்தது. அப்புறம் தொந்தரவில்லாமல் தூங்கவிட்டபோது, அவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் அந்தக் கட்டத்தில் கிடந்தார்கள். இத்தனைக்கும் சில இரவுகள் கெடுத்ததற்கே அப்படி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முன்பு இரண்டு முறை நிறுத்திவிட்டு இரண்டு முறையும் இந்தக் கனவுகளுக்குப் பயந்துதான் திரும்பப் போனேன். ‘உள்ளுக்குள் இவ்வளவு அழுக்கு இருக்கிறதே, மூடியே இருக்கட்டும்’ என்று நினைத்தேன். அது அழுக்கும் இல்லை, ஆழ்மனத்தின் வாக்குமூலமும் இல்லை. வெறும் பசி.

* * *

போதைப் பொருள்தான் வேண்டும் என்றில்லை. ஒற்றைத் தலைவலி வராமல் இருக்க எனக்குப் புரோப்ரனலால் கொடுத்தார்கள். தலைவலி நின்றது. பதிலுக்கு, தினமும் யாரோ என்னைத் துரத்தினார்கள். சில நாள் நானே யாரையோ துரத்தினேன், அது இன்னும் அருவருப்பு. மாத்திரைக்கும் கனவுக்கும் முடிச்சுப் போடவே எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் வேலை, மாமியார், பழைய காதல் என்று எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தேன்.

அந்த மருந்து கொழுப்பில் கரைவது, அதனால் மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடும் என்றார் மருத்துவர். அதே வகையில் நீரில் கரையும் அட்டனலாலுக்கு மாற்றினார். சில நாளில் துரத்தல் நின்றது. இதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் இதயத்துடிப்பு எகிறும்.

முதலில் எழுதியவருக்கு ஒரு யோசனை. மாத்திரை மாற்றும்வரை எனக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் தாளில் எழுத வேண்டும். முடிவை மட்டும் நம் இஷ்டத்துக்கு மாற்றி, புதுக் கனவைத் தினமும் பத்து, இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் வன்முறைக்கு ஆளானவர்களிடமே இதைச் செய்து பார்த்து, கெட்ட கனவு குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன.

* * *

புகைப்பதை நிறுத்த, தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் ஒட்டிக்கொண்டு தூங்கினேன். கனவில் ஒரு வாத்து எனக்கு வருமான வரி சொல்லிக்கொடுத்தது, முழுப் படிவமும். படுக்கும்முன் பேட்சைக் கழற்றச் சொன்னார்கள், வாத்து போய்விட்டது. லேசாக வருத்தம்தான்.

* * *

கனவாவது படுக்கையோடு முடிகிறது. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த நான்காம் நாள் காலை எழுந்தால், அலமாரித் துணி முழுவதும் வெளியே வந்து, மடித்து, நிறவாரியாக அடுக்கியிருந்தது. தனியாக இருக்கிறேன். ஆயுளில் ஒரு சட்டையை ஒழுங்காக மடித்தவன் இல்லை. ஒரு துளி நினைவில்லை.

நண்பர்கள் சிரித்தார்கள், நானும்தான். பிறகு படித்தேன், இதே மருந்தில் தூக்கத்தோடு கார் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இதற்குப் போட்டது. ஒருமுறை இப்படி நடந்தவர்கள் மறுபடி தொடவே கூடாதாம். அன்றே மருத்துவரைக் கூப்பிட்டேன்.

* * *

அண்ணா, உங்கள் மனைவியின் அந்தப் பார்வை எனக்குப் புரிகிறது. நான் செவிலியர், பத்து வருடமாக இரவுப் பணி மாறி மாறி வரும். மருந்து எதுவும் எடுப்பதில்லை. எனக்கு வருவது வேறு. அமுக்குவான் என்பார்களே, அது.

பணி முடிந்து பகலில் மல்லாந்து படுப்பேன். கண் திறந்திருக்கும். மின்விசிறி தெரிகிறது, தெருச் சத்தம் கேட்கிறது. விரல் நுனியைக்கூட அசைக்க முடியாது. கதவுப் பக்கம் ஒரு ஆள். முகம் இல்லை, ஆனால் என்னைத்தான் பார்க்கிறான் என்று தெரியும். கட்டில் விளிம்பு அழுந்தும். மூச்சு முட்டும். கத்துவேன், சத்தம் வராது. பிறகு டக்கென்று எல்லாம் விடுபடும்.

பாடமாகப் படித்ததுதான் இது. ரெம் கட்டத்தில் கண்ணையும் மூச்சுத் தசையையும் தவிர உடம்பை மூளைத்தண்டு பூட்டி வைக்கிறது. இல்லையென்றால் கனவில் ஓடுகிறவன் படுக்கையிலும் ஓடுவான். மிஷேல் ஜுவே என்ற பிரெஞ்சு தூக்க ஆய்வாளர் பூனைகளின் மூளைத்தண்டில் அந்தப் பூட்டைக் கெடுத்தபோது, அவை தூங்கிக்கொண்டே எழுந்து இல்லாத எலியைப் பிடித்தன. எனக்கு நேர்வது அதற்கு நேரெதிர். விழிப்பு முந்திக்கொள்கிறது, பூட்டு பிந்தித் திறக்கிறது. மிச்சமிருக்கும் கனவு அறைக்குள் நிற்கிறது. நூற்றில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. மாணவர்களில் இன்னும் அதிகம், 28 பேர்.

இவ்வளவும் தெரிந்த நான், அவன் கதவருகே நிற்கும்போது கடவுளைத்தான் கூப்பிடுகிறேன். படிப்பு அந்த நேரத்தில் கைகொடுப்பதில்லை. ஒருக்களித்துப் படுத்தால் குறைகிறது. கால் கட்டைவிரலை அசைக்க முயன்றால் சீக்கிரம் விடுபடுகிறது. என் அனுபவத்தில் கைகொடுத்தது இந்த இரண்டும்தான்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி வந்திருக்கிறேன். பசி என்று சொன்னவருக்கு நன்றி. இரண்டு நாளாக அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருக்கிறேன். மனைவியிடமும் படித்துக் காட்டினேன். “அப்போ உனக்கு ஆசை இல்லன்னு அர்த்தமா?” என்றாள். ஆசை இருக்கிறது, ஆனால் கனவு அதற்குச் சாட்சி இல்லை என்றேன். ம்ம் என்றாள்.

தலைவலி மாத்திரை பற்றி எழுதிய சகோதரி சொன்ன தாள் பயிற்சியையும் செய்தேன். தம்ளரை வாயருகே கொண்டுபோகிறேன், குடிக்காமல் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். மூன்று நாள் இதையே ஓட்டினேன். நேற்று இரவு கனவில் தம்ளர் வந்தது. குடிக்கவில்லை. கவிழ்க்கவும் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கழுவ இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். ஒரு குழாய்கூடக் கிடைக்கவில்லை, அலாரம் அடித்துவிட்டது.