நகலெடுத்த கணினியில் தரவுத்தளம் வெறுமையாக இருக்கிறது

கேள்வி (சுங்கை சிப்புட்):
எங்கள் தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தின் செம்பனைக் குலை எடைப் பதிவேடு, மேகக் கணினி ஒன்றில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் மென்பொருள்) வழியாக இயங்குகிறது. நேற்று அக்கணினியை நகலெடுத்துத் தொடங்கினேன். கொள்கலன்கள் பிழையின்றி ஓடினாலும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு லோரியின் எடைகூட இல்லை. தரவு அழிந்துவிட்டதா, ஐயா?

பதில்:
அழிந்திருக்காது, தம்பி. கொள்கலன்களை உடனே நிறுத்திவிட்டு, 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் வட்டுகளைப் பாருங்கள். இயங்குதள வட்டு மட்டும் நகலாகியிருக்கலாம். தொடக்கத்தில் இணைக்கவேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் 'நோஃபெயில்' என்றிருந்தால், தரவு வட்டு இல்லாவிட்டாலும் கணினி முறையிடாமல் எழும். அப்போது, கணினியின் அடைவைக் கொள்கலனோடு இணைக்கும் 'வி' தெரிவில் குறித்த அடைவு இல்லாததைக் கண்டு டாக்கரே அதை வெறுமையாக உருவாக்க, போஸ்ட்கிரெஸ் அங்கே புதிய தரவுத்தளத்தைத் தொடங்கிவிடும். இந்த மௌனம்தான் ஆபத்தானது.

மற்றொருவர்:
ஒப்பிடுவதற்காக நகல் வட்டைப் பழைய கணினியிலேயே இணைத்தால், எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பு ஒரே அடையாள எண்ணை இருமுறை கண்டு ஏற்க மறுக்கும். அந்தச் சோதனையைத் தவிர்க்கும் 'நோயுயுஐடி' தெரிவைச் சேருங்கள்.

கேட்டவர்:
30 ஜிபி வட்டு மட்டுமே தெரிந்தது. 200 ஜிபி தரவு வட்டு வரவேயில்லை. போலி அடைவின் பெயரை மாற்றி, தரவுத்தளத்தை நிறுத்தியபின் எடுத்த வட்டு நகலை இணைத்தேன். நேற்று மாலை வந்த கடைசி லோரிவரை எல்லா எடைகளும் இருக்கின்றன. மிக்க நன்றி, ஐயா.