மனத்தில் படமாகக் காண்பது பாடம் நினைவில் நிற்க உதவுமா?

தண்டையார்பேட்டை ட்யூஷன் ஆசிரியை:
வணக்கம். ஏழு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். இதயத்தின் வழியே இரத்தம் செல்லும் பாதையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் நடுவில் நிறுத்தி, நுரையீரலிலிருந்து திரும்பும் இரத்தம் எந்த அறைக்குள் வருகிறது என்று கேட்டால், மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். கண்ணை மூடி அந்தப் பாதையை மனத்தில் காணச் சொன்னேன்; சிலருக்குப் பலன் தெரிந்தது. ஒரு மாணவி மட்டும் தனக்கு எதுவுமே தெரிவதில்லை என்கிறாள், அதனால் தனக்குப் படிப்பு வராதோ என்று கலங்குகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பெரம்பூர் வாசகர் (உளவியல் பயின்றவர்):
மனப்படம் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் வெளியிட்ட நூலில், சொல்லாகவும் காட்சியாகவும் பதிந்த செய்தியை இரண்டு வழிகளில் மீட்க முடியும் என்று விளக்கினார். 'நீதி' என்ற சொல்லைவிடப் 'படகு' என்ற சொல் எளிதில் நினைவுக்கு வருவது இதனால்தான். உங்கள் பிள்ளைகளிடம் சொற்கோவை மட்டுமே இருக்கிறது. அதற்கு ஒரே வாசல், முதல் வரி. காட்சியாகப் பதிந்திருந்தால் எந்த அறையிலிருந்தும் தொடங்கலாம்.

1975இல் அட்கின்சன், ரா என்ற உளவியலாளர்கள் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்களைக் கற்பித்தபோது, ஒலி ஒத்த ஆங்கிலச் சொல்லோடு ஒரு காட்சியை இணைத்துப் படித்தவர்கள் 72 விழுக்காடு பொருள்களைச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் 46 விழுக்காடுதான். ஆயினும் 2013இல் உளவியலாளர் டன்லாஸ்கி குழுவினர் பத்துக் கற்றல் உத்திகளை ஆராய்ந்தபோது, பலவகைப் பாடங்களுக்கும் பொதுவாகப் பயன்படும் அளவு காட்சி உத்திகளுக்குக் குறைவு என்றும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளிவிட்டுப் படிப்பதுமே உயர்ந்தவை என்றும் மதிப்பிட்டார்கள். ஆகவே படத்தை நினைத்ததோடு விடாமல், புத்தகத்தை மூடிவிட்டு வரையச் சொல்லுங்கள்.

ராயபுரம் பள்ளி ஆசிரியர்:
அம்மா, இதயப் படத்தில் ஓர் இடர் உண்டு. புத்தகத்தில் வலது ஆரிக்கிள் நம் இடக்கைப் பக்கம் இருப்பதால், அதை அப்படியே மனத்தில் பதித்த பிள்ளை இடவலம் மாற்றி எழுதிவிடுகிறது. படம் வெளிப்பக்கம் தெரியும்படி புத்தகத்தை மார்பில் வைத்துக்கொள்ளச் செய்தால், வலது அறை தன் வலப்பக்கத்துக்கே வந்துவிடும்.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்குத் தெரிந்த வழித்தடமே போதும். முகலாயர் வரிசைக்கு எங்கள் பிள்ளைகள் மெட்ரோ நிலையங்களைக் கொள்கிறார்கள்: தேரடியில் பாபர், காலடிப்பேட்டைப் படிக்கட்டில் கால் இடறும் ஹுமாயூன், டோல்கேட்டில் அக்பர். 1556இல் ஹுமாயூன் நூலகப் படிகளிலிருந்து விழுந்து இறந்த செய்தியும் அந்தப் படிக்கட்டோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. காட்சியை நாமே சொல்லித் தராமல் பிள்ளையே உருவாக்கிக்கொள்ள விடுவது நல்லது.

பெரம்பூர் வாசகர்:
அந்த மாணவியைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. மனத்தில் காட்சி தோன்றாதவர்கள் இருப்பதை 1880இலேயே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் பதிவு செய்திருக்கிறார். 2015இல் நரம்பியலாளர் ஆடம் சீமன் குழுவினர் இதற்கு அஃபாண்டேசியா என்று பெயரிட்டார்கள். இது நோயும் அன்று, அறிவுக்குறையும் அன்று. பார்த்த அறையை நினைவிலிருந்து வரையச் செய்த ஆய்வில், இத்தகையோர் குறைவான பொருள்களை வரைந்தாலும், வரைந்தவற்றை மற்றவர்களைப் போலவே சரியான இடத்தில் வைத்தார்கள். இடமும் திசையும் அவளுக்கு வசப்படும் என்றே நம்புகிறேன். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாமல், தாளில் அம்புக்குறி இட்டு, விரலால் அந்தப் பாதையைத் தொட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ட்யூஷன் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. நாளை வகுப்பில் எல்லோருக்குமே வெற்றுத்தாள் கொடுத்து வரையச் சொல்கிறேன். அவளை மட்டும் தனியே பிரித்து உட்கார வைக்க வேண்டிய தேவை இருக்காது.