பழைய ஹொலிவுட் பாட்டுப் படங்களில் அப்படி என்னதான் இருக்கு?

தலவாக்கலை டீச்சர் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள் அடைமழை, பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் லெப்டொப்பில் 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தின் மழைப்பாட்டைப் போட்டுக் காட்டினேன். 1952இல் வந்த படம். இந்தப் பிள்ளைகள் டிக்டொக்கில் அரை நிமிஷ வீடியோவையே முழுசாகப் பார்க்காத ஆட்கள். பாட்டு முடிந்ததும் "இன்னொருக்கா போடுங்க டீச்சர்" என்கிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் "அந்த ஆளுக்குக் கால் வழுக்காதா?" என்று கேட்டாள். அடுத்த கிழமை முழுப்படமும் போட வேண்டியதாகிவிட்டது.

எங்கம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்தெடுத்தவர். அவரும் எட்டிப் பார்த்தார். "மழையில நனைஞ்சுக்கிட்டு ஆடுறவன் ஒருநாளும் மலையில நின்னிருக்க மாட்டான்" என்றார். நம்ம ஊரில் மழை என்றால் அட்டைக்கடியும் காயாத கம்பளியும்தானே. ஆனால் சொல்லிவிட்டுப் போகவில்லை, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்!

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பையன் பெண்ணைப் பார்க்கிறான், கடைசியில் சேருகிறார்கள். தமிழ்ப் படத்தில் பாட்டு வந்தால் ஓட்டிவிடுகிற நானே இதில் பாட்டுக்காகத்தான் காத்திருந்தேன். அது எதனால்? வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

கொட்டகலை வாத்தியார்:

மகள், வழுக்காதா என்று கேட்ட பிள்ளைக்கு ஒரு சபாஷ். விஷயமே அதுதான்.

இப்போது வருகிற பாட்டுகளில் ஒரு கை, ஒரு கண், ஒரு இடுப்பு என்று வெட்டி வெட்டித்தான் காட்டுகிறார்கள். யார் ஆடினார்கள் என்றே தெரியாது. அந்தக் காலத்தில் ஃபிரெட் அஸ்டெயர் என்ற நடன நடிகர், ஆடும்போது தலை முதல் கால்வரை முழு உடம்பும் திரையில் தெரிய வேண்டும், வெட்டாமல் நீளமாக எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர். அப்படி எடுத்தால் ஒரு அடி பிசகினாலும் முதலிலிருந்து ஆட வேண்டும். 1936இல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தின் கடைசி நடனத்துக்கு 47 தடவை எடுத்தார்கள் என்று சொல்வார்கள். அவரோடு ஜோடியாக ஆடிய ஜிஞ்சர் ரொஜர்ஸின் சப்பாத்துக்குள் இரத்தம். படத்தில் பார்த்தால் இரண்டு பேரும் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் மழைப்பாட்டில் ஆடுகிற ஜீன் கெலிக்கு 103 பாகை காய்ச்சல். தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிற குழிகள்கூட அவர் கால் விழுகிற இடம் பார்த்துத் தோண்டியவை. மழை கண்ணுக்குத் தெரியத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம். பின்னாலிருந்து விளக்கு அடித்துத்தான் துளிகளைக் காட்டினார்கள்.

இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனுஷன் உண்மையிலேயே ஆடுகிறான் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். உங்கள் அம்மா எழுந்து போகாததும் அதனால்தான் என்பேன். நாளெல்லாம் கையால் வேலை செய்தவர், அடுத்தவன் வேலைசெய்வதைக் கண்டுபிடித்துவிடுவார்.

பதுளை இளவட்டம்:

எனக்கு இது ஒட்டவே மாட்டேங்குது. 1935ல வந்த டொப் ஹெட், ஸ்விங் டைம்னு அந்த அஸ்டெயர் படமெல்லாம் பார்த்தாச்சு. ஹோட்டல் ரூமைப் பார்த்தா வழுக்குற மாதிரி மினுங்குது, எல்லாரும் கோட்டும் சூட்டும், ஒருத்தனுக்கும் வேலைவெட்டி கிடையாது.

எங்க பாட்டன் துரை பங்களாவுல சமையல்கார அப்புவா இருந்தவர். ஹோல்ல கிராமபோன் பாடும், இவர் குசினியில நின்னு கேப்பார். அந்தப் பாட்டுக்கு ஆடினவங்க வீட்டுல எச்சில் பிளேட் கழுவின குடும்பம் நாங்க. இப்ப நான் உக்காந்து அதை ரசிக்கணுமா? அதுலயும் 'த கிங் அண்ட் ஐ' மாதிரிப் படம், வெள்ளைக்கார டீச்சரம்மா வந்து ஆசிய ராஜாவுக்குப் புத்தி சொல்லுது. தாய்லாந்துல அதைத் தடைசெஞ்சதுல என்ன தப்பு? 'மை ஃபெயார் லேடி'ய உங்க பிள்ளைங்களுக்குப் போட்றாதீங்க டீச்சர், இங்கிலீஷ் உச்சரிப்பை வச்சு ஒரு பொண்ணை மட்டம் தட்டுறதுதான் பாதிப் படம். நம்ம பிள்ளைங்க அதை வெளியிலயே போதுமான அளவு வாங்குதுங்க.

மஸ்கெலியாக்காரன்:

பதுளைத் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. பங்களா விஷயத்துல வாதாட வரல்ல. ஆனா 1935ல அமெரிக்காக்காரனும் பொருளாதார மந்தத்துல வேலையில்லாமத்தான் கிடந்தான். டொப் ஹெட்டுக்கு டிக்கட் எடுத்தவன்ல எத்தனை பேர் அப்படி ஹோட்டலுக்குள்ள போயிருப்பான்? அவனும் குசினிப் பக்கத்துல நின்னு பார்த்தவன்தான்.

டீச்சர் கேட்ட கேள்விக்கு வாறன். நான் மாசியில காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிற ஆள். எங்க தோட்டத்துல மன்மதனாவும் ரதியாவும் ஆடுற ரெண்டு பேருமே ஆம்பளைங்க. கட்டிப்பிடிக்கிறதுமில்ல, முத்தமுமில்ல. ஆனா தப்புச் சத்தத்துக்கு ரெண்டு பேரும் எதிரெதிரா அடி வைக்கிறதைப் பார்த்தா லயத்துப் பொம்பளைங்க கண்ணைத் துடைப்பாங்க. சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதேன்னு ரதி மன்றாடுறதும் பாட்டுத்தான், அவன் போயே தீருவேன்னு நிக்கிறதும் பாட்டுத்தான்.

டொப் ஹெட்ல மழைக்கு ஒதுங்கி ஒரு மண்டபத்துக்குள்ள நிக்கிற காட்சி இருக்கு. அஸ்டெயர் பாடுறான், ஜிஞ்சர் முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. அவன் நடக்க, இவளும் அவன் நடையை நக்கலா காப்பியடிச்சுக்கிட்டுப் பின்னால போறா. இடி இடிக்குது, ஆட்டம் வேகமாகுது, நக்கல் எப்ப ஆசையாச்சுன்னே தெரியாது. முடிஞ்சதும் ரெண்டு பேரும் தரையில உக்காந்து கை குலுக்கிக்கிறாங்க. அவ்வளவுதான்! 1934லேர்ந்து அங்க தணிக்கை விதி இறுகிப்போச்சு, படுக்கையறைப் பக்கமே போக முடியாது. அதனால சொல்ல வேண்டிய எல்லாத்தையும் காலை வச்சே சொன்னாங்க. இப்ப எல்லாத்தையும் காட்டலாம், அதனால யாரும் அவ்வளவு மெனக்கெடுறதில்ல.

"பேசிக்கிட்டிருக்கிறவங்க ஏன் திடீர்னு பாடுறாங்க?"ன்னு இந்தக் காலத்து வெள்ளைக்காரங்களே கூச்சப்படுறாங்க. நமக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கூத்துல வளர்ந்தவன் அதைக் கேக்கவே மாட்டான்.

இன்னொண்ணு, இது விஷயத்துக்கு வெளியில. டெபொரா கெர், நட்டாலி வுட், ஓட்ரி ஹெப்பர்ன், மூணு நடிகைங்களுக்கும் பெரிய படங்கள்ல பாடினது மார்னி நிக்சன்னு ஒரே அம்மா. அப்ப படத்துல பேரே போடல்ல. நம்ம ஆளுங்க சுசீலா அம்மா பேரைப் பாட்டுப் புத்தகத்துல போட்டாங்க. இதுல நாமதான் நேர்மை.

தலவாக்கலை டீச்சர்:

மஸ்கெலியா அண்ணன், அந்த இரவல் குரல் விஷயம் என் வகுப்பில் பெரிய சண்டையையே கிளப்பியது! மழைப்பாட்டுப் படத்தின் கதையே அதுதானே. 1927இல் பேசும்படம் வந்ததும், குரல் சரியில்லாத நடிகைக்கு இன்னொரு பெண் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கிறாள். பிள்ளைகளுக்கு அந்த நடிகை மேல் சரியான கோபம். பிறகு நான், குரல் கொடுக்கிறவளாக நடித்த டெபி ரேனோல்ட்ஸுக்கே ஒரு பாட்டில் வேறொருவர்தான் பாடினார் என்று சொன்னேன். "அப்ப யாரைத்தான் நம்புறது டீச்சர்?"

பதுளைத் தம்பி, 'மை ஃபெயார் லேடி'யை நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காகவே காட்டலாமா என்று இப்போது யோசிக்கிறேன். கோபப்பட வேண்டாம். அந்தப் பெண் திருப்பிக் கொடுக்கிற இடங்களும் அதில் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

ஆனால் அதற்கு முதல் வேறொன்று போட வேண்டும். கறுப்பு வெள்ளை என்றால் உட்காருவார்களா என்பதுதான் என் பயம்.

பதுளை இளவட்டம்:

போடுங்க, போடுங்க. சண்டை வந்தா இங்க எழுதுங்க, நான் பிள்ளைங்க பக்கம்.

கொட்டகலை வாத்தியார்:

டொப் ஹெட்டில் அந்த மண்டபக் காட்சியை மட்டும் முதலில் காட்டுங்கள், மகள். அதற்குப் பிறகு மீதியைக் கேட்டால் போடலாம், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' இப்போதைக்கு வேண்டாம். முடிவில் 17 நிமிஷம் பேச்சே இல்லாத பெலே நடனம் வரும், மழை நாளில் தூங்கிவிடுவார்கள். 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம், அதை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையும் புல்லும் பார்த்து நம்ம நுவரெலியா என்று சண்டை பிடிப்பார்கள்.

பாட்டு ஓடும்போது நிறுத்தி நிறுத்திக் கருத்துச் சொல்லாதீர்கள். வரிகளை ஒரு தாளில் எழுதி முடிந்த பிறகு கொடுங்கள், அவர்களே பாடிப் பார்த்துக் கேட்பார்கள். அம்மாவுக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.