பக்கத்து வீட்டிலேயே ஆய்வு: உங்கள் அனுபவம் தேவை

வணக்கம். எங்கள் பகுதியில் சர்க்கரை நோய்க்கான சிகிச்சையைப் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். காரணத்தைக் கண்டறிய, இங்கே வாழும் 12 பேர் நாங்களே ஆய்வில் இறங்கியிருக்கிறோம்.

கேள்வித்தாளில் முதலில் "ஏன் சிகிச்சைக்குப் போவதில்லை?" என்று நான் எழுதியிருந்தேன். குழுவில் உள்ள, வீட்டுவேலை செய்யும் அக்கா ஒருவர் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, "போனபோது என்ன நடந்தது?" என்று எழுதினார். அதற்குப் பிறகு முன்னோட்டமாகக் கேட்டபோது வந்த பதில்களே வேறு. காத்திருந்ததில் போன அரைநாள் கூலி, எல்லார் முன்னாலும் வாங்கிய திட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது. வாழும் சூழலும் வேலைச் சூழலும் சேர்ந்தே உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008-லேயே சொன்னது. அதை இப்போது நேரில் பார்க்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், கேட்பவரும் சொல்பவரும் அக்கம்பக்கத்தினர். பெயரை நீக்கினாலும், "இரண்டு குழந்தைகள், இரவு வேலை" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதுபோன்ற ஆய்வு செய்தவர்களே, இதை எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்மொழியாக ஒப்புதல் வாங்கியவர்கள், என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று, ஆய்வு செய்யும் எங்கள் ஆட்களுக்கு ஊதியம். கட்டாயம் தர வேண்டும் என்பதே என் எண்ணம். நிதி தருபவர்கள் தயங்குகிறார்கள். அதிகாரத்தைப் பகிராத பங்கேற்பு வெறுமையானது என்று 1969-ல் மக்கள் பங்கேற்பு பற்றி அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் எழுதியதைக் காட்டினேன், அசையவில்லை. நிதி தருபவர்களை யாராவது சம்மதிக்க வைத்திருந்தால், எப்படி என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் பேட்டிகள் தொடங்குகின்றன.