‘மங்கிய ஊடுகதிர் மூலம்’ என்னும் தொடர் பற்றி

வணக்கம். ஏராளமான விண்மீன்கள் உருண்டையாகச் செறிந்திருக்கும் உருண்டை விண்மீன் கொத்துகளில் காணப்படும் வலுக்குறைந்த எக்ஸ்கதிர்ப் பொருள்களுக்கு (dim X-ray source) நண்பர் ஒருவர் தமிழில் முன்மொழிந்த ‘மங்கிய ஊடுகதிர் மூலம்’ என்னும் தொடரை, சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அப்படியானால் அவை முன்பு பிரகாசமாக இருந்தனவா, ஐயா?” என்று ஒரு மாணவி உடனே கேட்டார். ‘மங்கிய’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். அவர் கேட்டதில் தவறில்லை.

துணைவிண்மீனிலிருந்து பொருள் வந்து விழுவது தணிந்துவிட்ட நியூட்ரான் விண்மீன்களுக்கு (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருக்களுக்கு) அச்சொல் பொருந்தும். மிக வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களான மில்லிநொடித் துடிவிண்மீன்களும் ஒருகாலத்தில் அவ்வாறு பொருளை உண்டு ஒளிர்ந்தவையே என்று வாதிடலாம். ஆனால், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் தன் துணையின் பொருளை ஈர்த்துக்கொண்டிருக்கும் இரட்டைகளும், காந்தச் செயல்பாடு மிகுந்த சாதாரண இரட்டை விண்மீன்களும் மங்கிப்போனவை அல்ல. அவற்றின் இயல்பே அவ்வளவுதான். எக்ஸ்கதிர்களைக் காணும் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி ‘47 டுகானே’ என்னும் உருண்டைக் கொத்தில் கண்ட ஏறத்தாழ 300 பொருள்களில் இவை எல்லாம் கலந்திருக்கின்றன. ஒரே கொத்தில் உள்ளவை நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், அவற்றுக்கிடையே தெரியும் ஒளிவேறுபாட்டைத் தொலைவின் மேல் சுமத்தவும் இயலாது. ஆகவே காலம் காட்டாத ‘மங்கல்’ என்னும் பெயர்ச்சொல்லே தகும். ‘மென்’ என்று தொடங்கலாமே என்றால், ஆற்றல் குறைந்த கதிரை ‘மென் எக்ஸ்கதிர்’ என ஏற்கெனவே வழங்குகிறோம். ஒளிர்வு வேறு, ஆற்றல் வேறு.

எக்ஸ்கதிரைக் குறிக்கும் ‘ஊடுகதிர்’, உடலை ஊடுருவிப் படமெடுக்கும் மருத்துவமனைக்கு நல்ல சொல். விண்ணிலிருந்து வரும் இக்கதிரோ நம் காற்று மண்டலத்தையே ஊடுருவ முடியாமல் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனால்தான் சந்திராவை 1999இல் விண்வெளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இக்கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜன் 1895இல் அதன் இயல்பு அறியாமல் இட்ட ‘எக்ஸ்’ என்னும் எழுத்தே இங்கு நேர்மையானது.

‘மூலம்’ வேண்டாம். ‘எக்ஸ்கதிர் மூலம் கண்டறியப்பட்டது’ என்ற வாக்கியத்தில் அது பெயரா, சொல்லுருபா என்று தெரியாது. போதாக்குறைக்கு, வானியலில் அது ஒரு நாள்மீனின் பெயரும்கூட. ‘ஊற்று’ என்பதில் இத்தொல்லை இல்லை.

எனவே என் பரிந்துரை ‘மங்கல் எக்ஸ்கதிர் ஊற்று’. புணர்ச்சிப்படி ‘எக்ஸ்கதிரூற்று’ என்று சேர்த்தெழுதலாம் என்றாலும், மாணவர்களை எண்ணி நான் பிரித்தே எழுதுவேன்.