பிராக்கியேஷன்: 'கிளைதாவல்' வேண்டாம், 'கையூசல்' என்போமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிளையில் கைகளால் தொங்கி வீசியாடி நகர்வதைக் குறிக்கும் 'பிராக்கியேஷன்' (brachiation) என்ற சொல்லுக்குத் தமிழில் 'கிளைதாவல்' என்றே முடித்துவிடலாம் என்று நம் குழுவில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாவுவது எல்லாக் குரங்குக்கும் உண்டு. ஹூலக் கிப்பன் என்ற குரங்கினமோ கிளைக்குக் கீழே தொங்கிக்கொண்டு, கை மாற்றிக் கை பிடித்து, உடலை வீசி வீசிப் போகிறது. வாலும் கிடையாது, பாடு முழுவதும் கைக்குத்தான்.

'கைநடை'யும் சரிவராது. கிப்பன் கிளைமேல் இரண்டு காலால் நிமிர்ந்து நடக்கவும் செய்யும். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

இங்கே ரங்கூனில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புக்காகத் ஹூலக் கிப்பன்கள் வாழும் தமந்தி வனவிலங்குச் சரணாலயத்தைப் பற்றி ஒரு பாடம் எழுதிவருகிறேன். சின்ட்வின் ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 2,150 சதுர கிலோமீட்டர் பரப்பு, பெரும்பகுதி பசுமைமாறாக் காடு, 1974-இலிருந்து பாதுகாப்பில் இருக்கிறது. (பெயரிலேயே மந்தி இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒலி ஒற்றுமைதான்.) கிப்பனின் பர்மியப் பெயர் அவர்களுக்குத் தெரியும்: மியௌக் லுவே ஜோ. மியௌக் குரங்கு, லுவே வீசியாடுவது, ஜோ தாண்டுவது. அந்த 'லுவே'யைத் தமிழில் தேடியபோதுதான் ஊசல் அகப்பட்டது.

இயற்பியல் பாடத்தில் வரும் அதே தனி ஊசல்தான். கிப்பன் நிதானமாகப் போகும்போது அதன் உடல் ஊசல் குண்டுபோல் ஆடுகிறது. கீழிறங்கும்போது கூடும் வேகமே மறுபக்கம் ஏற உதவுவதால் தசைக்கு உழைப்பு குறைவு. இதைப் 'பிடி கையூசல்' எனலாம். வேகமெடுத்தால் இரண்டு கையையும் விட்டுக் காற்றில் பாய்ந்து அடுத்த கிளையைப் பற்றும். அது 'தாவு கையூசல்'. ஐயாவின் தாவலுக்கும் இங்கே இடம் கிடைத்துவிடுகிறது. வினைக்குக் கையூசலாடு, விலங்குக்குக் கையூசலி.

ஊசல் என்றால் ஊசிப்போன சோறு நினைவுக்கு வராதா என்று ஓர் அம்மா தனிமடலில் கேட்டார். 'கை' முன்னால் நிற்கும்போது அப்படி யாரும் படிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பாடத்தில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் எனக்கு நகரவே இல்லை: கையூசலுக்குக் கிளைகள் விட்டுப்போகாமல் தொடர வேண்டும், நடுவே அகலமாக மரம் வெட்டிச் சாலை போட்டால், தரையில் இறங்கத் தயங்கும் கிப்பன் குடும்பம் ஒரு பக்கமே சிக்கிக்கொள்ளும்.

'பிடி' என்ற அடைமொழி மட்டும் எனக்கு இன்னும் நிறைவாக இல்லை. 'தொடு' பொருந்துமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் பாடத்தை அச்சுக்குக் கொடுக்கிறோம்.